துட்டி வீட்டுச் சொற்கள்: ஓர் அச்சகத்து மேசையிலிருந்து

ஒரு வீட்டில் இறப்பு நிகழ்ந்த பிறகு அந்த வீட்டார் எழுதும் முதல் எழுத்து, பெரும்பாலும் அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பும் துண்டுக் காகிதமாகத்தான் இருக்கிறது. பள்ளி நோட்டில் கிழித்த தாள், மருந்துச் சீட்டின் பின்புறம், இப்போதெல்லாம் கைப்பேசியில் ஒரு வரி. அதில் ஒரு பெயர், ஒரு வயது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற குறிப்பு ஆகியவை மட்டும் இருக்கும். “மிச்சத்தை நீங்களே பாத்துப் போட்டுருங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்தவர் பூக்கடைக்கும் பந்தல்காரரிடமும் ஓடிவிடுவார். ஈய எழுத்துகளைக் கோத்த காலத்திலிருந்து கணினித் திரையில் வடிவமைக்கும் இந்தக் காலம் வரை, பாளையங்கோட்டையில் அந்த மிச்சத்தை எழுதும் வேலையைச் செய்துவருகிறேன். சைவரும் வைணவரும், தென்னிந்தியத் திருச்சபையாரும் கத்தோலிக்கரும், அருகிலுள்ள மேலப்பாளையத்து முஸ்லிம்களும், எந்தச் சமயச் சடங்கும் வேண்டாம் என்று சொல்லும் பகுத்தறிவாளர்களும் ஒரே மேசைக்கு வருவதால், சாவைச் சொல்லும் சொற்களில் பெரும்பாலானவை என் கைவழியே போயிருக்கின்றன. அவற்றில் உயர்ந்த சொல், தாழ்ந்த சொல் என்று எதையும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய வீடும் உரிய நேரமும் உண்டு. அதைக் கவனிக்காமல் சொல்லை மாற்றிப் போட்டுவிட்டால், ஏற்கெனவே நொந்திருக்கும் மனிதர்களை மேலும் நோகச் செய்துவிடுவோம் என்பதால், இத்தனை காலத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

சாவை நேராகச் சொல்லத் தயங்குவது இன்றைய நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது மிகப் பழைய வழக்கம். மங்கலமல்லாத ஒன்றை மங்கலச் சொல்லால் கூறுவதை நம் இலக்கணம் தகுதி வழக்கில் ஒரு வகையாகவே வைத்திருக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் எடுத்துக்காட்டுகள். துஞ்சினார் என்பதை இன்று யாரும் சொல்வதில்லை என்றாலும் அந்த மனம் அப்படியேதான் இருக்கிறது. “தவறிட்டாங்க”, “போய்ச் சேந்துட்டாங்க”, “ஒரு பெரிய காரியம் ஆயிப்போச்சு” என்று பேச்சிலும், காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார் என்று எழுத்திலும் அதையே செய்துகொண்டிருக்கிறோம். செத்துப்போனார் என்ற சொல் மட்டும் வீட்டுக்கு வெளியே இருப்பவர் வாயில் கடுமையாகவும், மிக நெருங்கியவர் வாயில் உண்மையாகவும் ஒலிக்கிறது. “எங்கம்மா செத்துப்போச்சு அண்ணாச்சி” என்று மகன் சொல்லலாம், நான் பதிலுக்கு “அம்மா எப்போ தவறினாங்க?” என்றுதான் கேட்பேன். துக்கத்துக்கு உரியவர் எந்தச் சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் ஒரு படி தள்ளி நின்று மெல்லிய சொல்லை எடுக்க வேண்டும். இது யாரும் எழுதிவைக்காத ஏற்பாடு, ஆனாலும் ஊர் முழுக்கத் தெரியும்.

சாவுக்கும் அது நிகழ்ந்த வீட்டுக்கும் ஊருக்கு ஊர் பெயர் மாறுவதும் கவனிக்க வேண்டியது. எங்கள் நெல்லைப் பக்கத்தில் துட்டி, துட்டி வீடு, துட்டி கேட்கப் போவது என்போம். மதுரை, சிவகங்கைப் பக்கம் போனால் அதுவே கேதம், கொங்கு நாட்டில் எழவு, சென்னையில் சாவு வீடு, யாழ்ப்பாணத்தில் செத்தவீடு. எழவு என்பதை எங்கள் ஊரில் பலர் வசைச்சொல்லாக மட்டுமே கேட்டுப் பழகியிருப்பதால், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் இயல்பாக “எழவுக்கு வந்தோம்” என்று சொன்னதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. சொன்னவர் மனத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பிற ஊரார் சொல்லைத் தன் ஊர்க் காதால் கேட்டுக் கோபப்படுவது துக்க வீட்டில் தேவையற்ற சுமை. அதேபோல் காரியம் என்றால் எங்களுக்குச் சாதாரண வேலை; வடக்கு மாவட்டங்களில் “காரியம் என்றைக்கு?” என்று கேட்டால் அது பதினாறாம் நாள் சடங்கு. கருமாதி என்பது பரவலாகப் புரியும். நாஞ்சில் நாட்டில் அடியந்திரம் என்பார்கள். வெளியூருக்குப் போகும் அறிவிப்பு என்றால் நான் உத்தரகிரியை என்ற பொதுச்சொல்லைப் போட்டு, பக்கத்திலேயே பதினாறாம் நாள் என்றும் சேர்த்துவிடுவேன். அப்போது எந்த ஊர்க்காரருக்கும் குழப்பம் வராது.

சமயம் சார்ந்த தொடர்களில்தான் கை மிகவும் நிதானமாக ஓட வேண்டும். சைவ வீட்டில் சிவலோகப் பதவி அடைந்தார், சிவபதம் எய்தினார் என்பார்கள். வைணவ வீட்டில் பரமபதம் அடைந்தார், வைகுண்ட பதவி அடைந்தார் என்றும், சம்பிரதாயத்தில் ஊறிய குடும்பமாக இருந்தால் ஆசாரியன் திருவடி அடைந்தார் என்றும் கேட்பார்கள். சீர்திருத்தத் திருச்சபை வீடுகளில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் தொடர். பெந்தெகொஸ்தே சபையாரில் மகிமைக்குள் பிரவேசித்தார் என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. கத்தோலிக்க வீடுகளில் இறைவனடி சேர்ந்தார் என்றும், இறைவனில் இளைப்பாறுகிறார் என்றும் போடுவோம். முஸ்லிம் வீட்டில் வஃபாத்தானார்கள், பேச்சில் மௌத்தாகிவிட்டார்கள்; மேலே ‘இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்’ என்ற வாசகம் வரும். துறவியாக வாழ்ந்தவருக்குச் சித்தியடைந்தார், சமாதியடைந்தார் என்ற தனி வழக்கு. இறைவனடி சேர்ந்தார் என்பது பல சமயத்தாருக்கும் பொதுவாக ஏற்கும் என்பதால், ஒன்றும் தெரியாத நிலையில் பலரும் அதைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கடவுள் இல்லை என்று சொன்னவருக்கு அதைப் போடுவது அவர் வாயில் அவர் சொல்லாததைத் திணிப்பதாகும். அவருக்கு மறைந்தார் போதும், அல்லது இயற்கை எய்தினார். சுயமரியாதைக் குடும்பங்களில் பதினாறாம் நாளுக்குப் பதிலாகப் படத்திறப்பு, நினைவேந்தல் என்று வைப்பார்கள். பொதுவுடைமை இயக்கத்தார் செவ்வணக்கம் என்பார்கள். இவையும் அந்த வீடுகளில் மந்திரத்துக்கு நிகரான மரியாதை உள்ள சொற்கள்.

ஒருமுறை அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்து மேசைக்கு முன்னால் நின்றார்கள். அண்ணன் சிவலோகப் பதவி என்று போடச் சொன்னார். அப்பா கோயில் வாசலை மிதிக்காதவர், மறைந்தார் என்றுதான் வர வேண்டும் என்றார் தம்பி. இருவர் குரலும் உயர்ந்துகொண்டே போனது. எங்கள் அச்சகத்தில் அடித்த ஒவ்வொரு வேலையிலும் ஒரு பிரதியைக் கம்பியில் குத்தி, ஆண்டுவாரியாகக் கட்டி வைப்பது வழக்கம். அவர்களுடைய தாயாருக்கு அந்த அப்பாவே வந்து எழுதிக்கொடுத்த அறிவிப்பு அந்தக் கட்டுகளில் ஒன்றில் இருந்தது. ஓரத்தில் துருக்கறை படிந்த அந்தத் தாளில், ‘என் துணைவியார் நேற்று மாலை மறைந்தார். பூமாலை வேண்டாம். வந்து உடனிருந்தால் போதும்’ என்று மட்டுமே இருந்தது. அண்ணன் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, “இதையே போடுங்க, ஆளை மட்டும் மாத்துங்க” என்றார். சொல்லைத் தேர்ந்தெடுக்கும் சண்டை வரும் வீட்டில், இறந்தவர் தம் உறவினர் இறந்தபோது எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்று தேடிப் பார்ப்பது பலன் தரும் என்பதை அன்றைக்குப் பிறகு நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். பழைய அறிவிப்போ கடிதமோ இல்லை என்றால், வீட்டில் மூத்தவரிடம் “உங்க வீட்ல எப்படிப் போடுவீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வியை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

உடலைக் குறிக்கும் சொல் இன்னும் நுட்பமானது. பிணம் என்பது எந்த அறிவிப்பிலும் வரக் கூடாது. பிரேதம், சடலம் என்பவை காவல்துறைக்கும் மருத்துவமனைக் கோப்புக்கும் உரியவை. பிரேதப் பரிசோதனை என்ற இடத்தில் அவை தவிர்க்க முடியாதவை, ஆனால் வீட்டாரிடம் பேசும்போது வேண்டாதவை. எழுத்தில் பூதவுடல் என்றோ வெறுமனே உடல் என்றோ போடுவோம். பேச்சில் “பாடி எப்போ வருது?” என்ற கேள்வி இன்று சர்வசாதாரணமாகிவிட்டது, இருந்தாலும் “அப்பாவ எப்போ கொண்டுவர்றாங்க?” என்று கேட்பதற்கு அதிக நேரம் பிடிக்காது, கேட்பவரின் மனமும் தெரியும். உடல் என்று சொல்லாமல் ஆளையே சொல்வது நம் பேச்சுமொழிக்கு நன்றாகப் பழக்கமானதுதான். “எப்போ எடுக்காங்க?” என்று எங்கள் பக்கத்தில் கேட்கும் அந்த வினையில் யாரை, எதை என்ற சொல்லே இல்லை. அது துக்க வீட்டுக்கென்றே அமைந்த வாக்கியம்.

அடக்கம், தகனம் என்ற இரண்டையும் விசாரிக்காமல் எழுதக் கூடாது. இந்து வீடு என்றால் எரிப்பார்கள் என்று எண்ணிக்கொள்வது பிழை. புதைக்கும் வழக்கம் உள்ள சமூகங்கள் பல உண்டு, குடும்பத்துக்குக் குடும்பமும் மாறும். இடுகாடு புதைக்கும் இடம், சுடுகாடு எரிக்கும் இடம். மின்மயானமோ எரிவாயு தகனமேடையோ என்றால் அங்கே நேரம் பதிவு செய்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் நான் மணியைப் போடுவேன், ஏனென்றால் அங்கே கிடைக்கும் நேரத்தை வைத்துத்தான் வீட்டிலிருந்து புறப்படும் நேரம் முடிவாகிறது. இன்னும் உறுதியாகவில்லை என்றால் இறுதிச் சடங்கு என்ற பொதுச்சொல் இரண்டையும் தாங்கும். முஸ்லிம் வீட்டு அறிவிப்பில் அடக்கத்தின் நேரம் கடிகாரத்தைவிடத் தொழுகையை வைத்தே சொல்லப்படும்: ‘இன்று அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸா தொழுகை, அதன் பிறகு மையவாடியில் நல்லடக்கம்’ என்று வரும். உடன் வேலை பார்த்த மற்றச் சமயத்தாரும் அதைப் படித்து நேரத்துக்கு வர வேண்டும் என்பதற்காக, ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் சொன்னபடி, பிற்பகல் தொழுகையைக் குறிக்கும் அஸர் என்ற சொல்லுக்கு அடுத்து அந்தப் பள்ளிவாசலில் தொழுகை நடக்கும் மணியையும் போட்டுவருகிறேன்.

பெயர் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊருக்குத் தெரிந்த பெயர் ஒன்று, ஆதார் அட்டையில் இருக்கும் பெயர் வேறு ஒன்று என்பது நம் ஊர்களில் இயல்பு. வாழ்நாள் முழுக்கக் கணக்குப்பிள்ளை என்றே அறியப்பட்ட ஒருவரை ஏட்டுப் பெயரில் மட்டும் போட்டால், நாலு தெருத் தள்ளியிருக்கும் நண்பருக்குக்கூட யார் இறந்தார் என்று தெரியாமல் போய்விடும். ‘என்கிற’ என்று சேர்த்து இரண்டையும் போடுவதுதான் முறை. அதைவிட என் மனத்தை அதிகம் உறுத்துவது பெண்களின் பெயர். ‘இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாருமான’ என்று ஆண்களின் பெயர்களெல்லாம் பெரிய எழுத்தில் வரிசையாக வந்து, இறந்த அந்த அம்மாளின் பெயர் நடுவில் சின்னதாக ஒளிந்திருக்கும் காகிதங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. நான் யாரையும் கேட்காமல் அவர் பெயரை முதல் வரிக்குக் கொண்டுபோய், எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் வைத்துவிடுவேன். மாதிரித்தாளைப் பார்க்கும் மகள்களின் முகத்தில் முதலில் தெரிவது ஆச்சரியம்தான். மாற்றச் சொன்னவர் என்று எவரும் என் நினைவில் இல்லை. அவருக்குப் பிறந்த வீடு ஒன்று உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. கோடித்துணி கொண்டுவந்து போர்த்தும் உரிமை உள்ள உடன்பிறந்தார் பெயர் விட்டுப்போனால், அந்த மனக்குறை பல ஆண்டுகள் நீடிக்கும்.

இதுவரை சொன்ன மெல்லிய சொற்களுக்கெல்லாம் இடமில்லாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று அலுவலகம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன்படி இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம், மேலதிகாரியின் அனுமதி என்று வேலை கூடிக்கொண்டே போகும். அங்கே இறப்பு, இறந்தவர், இறந்த நாள், இறந்த இடம் என்ற நேர்ச்சொற்களே வேண்டும். விண்ணப்பத்தில் ‘காலமாகி’ என்றும் ‘சிவபதம் அடைந்து’ என்றும் எழுதி அனுப்புவதில் மரியாதை எதுவும் கூடிவிடுவதில்லை. பெயரின் எழுத்துகள் வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் அங்கே குடும்பத்துக்குச் செய்யும் உதவி, ஏனென்றால் பின்னால் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது ஓர் எழுத்து மாறினாலும் அலைய வேண்டிவரும். அச்சகத்தில் அடித்த அறிவிப்பைப் பார்த்துப் படிவத்தை நிரப்பாதீர்கள் என்று நான் ஒவ்வொரு வீட்டாரிடமும் சொல்லி அனுப்புகிறேன்.

மற்றொன்று குழந்தைகளிடம் பேசும் இடம். பாட்டி தூங்குகிறாள், தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார், சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று சொல்வது அன்பினால்தான். ஆனால் தூங்குகிறாள் என்று சொல்லி, பிறகு தூங்குபவளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? எங்கள் உறவில் ஒரு சிறுமி, ஆச்சி இறந்த பிறகு இரவில் படுக்க மறுத்தாள். விளக்கை அணைத்தால் அழுதாள். அவளுடைய அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து, “ஆச்சி இறந்துட்டாங்க. அவங்க உடம்பு இனிமே மூச்சு விடாது, வலிக்காது, எந்திரிக்காது. தூங்குறது வேற, இது வேற” என்று நேராகச் சொன்னார். அன்றிரவே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் சிறுமி கேள்வி கேட்கத் தொடங்கினாள், கேட்கக் கேட்கப் பயம் குறைந்தது. பெரியவர்களைத் தாங்குகிற மங்கலச் சொல் சிறுவர்களைக் குழப்பிவிடுகிறது. இதை நான் மிக உறுதியாக நம்புகிறேன்.

தொலைவில் இருப்பவருக்குச் செய்தி சொல்வது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தந்தி இருந்த காலத்தில் வாசலில் தந்திக்காரர் நின்றாலே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள், தாளைப் பிரிக்கும் முன்பே செய்தி புரிந்துவிடும். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. இப்போது கைப்பேசி. “அப்பாவுக்கு ரொம்ப சீரியஸா இருக்கு, உடனே கிளம்பி வா” என்று, இறந்த பிறகும் சொல்லும் வழக்கம் தொடர்கிறது. தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வரப்போகிறவரிடம் அப்படிச் சொல்வதில் அக்கறை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு ஊர்க்காரர் எவராவது வாட்ஸ்அப் நிலைத்தகவலில் கண்ணீர் அஞ்சலிப் படத்தைப் போட்டு, மகன் பாதி வழியில் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கொடுமை நடக்கிறது. ஆகவே அவரோடு இருக்கும் நண்பரிடமோ அவர் வீட்டில் உள்ளவரிடமோ உண்மையை முழுதாகச் சொல்லி, அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வைப்பது நல்லது. மகன், மகள், உடன்பிறந்தார் அனைவருக்கும் நேரடியாகத் தெரிந்துவிட்டது என்று வீட்டார் சொல்லும்வரை படத்தை வெளியே அனுப்ப மாட்டேன் என்பதை எங்கள் அச்சகத்தில் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். அனுப்பும் செய்தியில் நாளையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு நிகழ்ந்த இறப்பைத் திங்கள் இரவு என்பார் ஒருவர், செவ்வாய் என்பார் இன்னொருவர். ‘செவ்வாய்க்கிழமை அதிகாலை 2 மணி’ என்று போட்டுவிட்டால், ‘இன்று மாலை’ என்பது எந்த நாள் என்ற ஐயம் எழாது.

துக்க வீட்டுக்குள் போய்விட்டால் நம் மொழி தன் வழக்கமான உபசாரச் சொற்களையெல்லாம் கழற்றி வைத்துவிடுகிறது. வீட்டார் ‘வாங்க’ என்று வரவேற்க மாட்டார்கள், வந்தவரும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிக்கொண்டு புறப்பட மாட்டார். எழுந்து, ஒரு கணம் நின்று, பேசாமல் வெளியேறுவதே முறை. வெளிநாட்டிலேயே வளர்ந்த பிள்ளைகள் இதை அறியாமல், வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்று நன்றியும் சொல்லும்போது பெரியவர்கள் திடுக்கிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவைப்பது உறவினரின் கடமை. எங்கள் பக்கத்தில் ஆண்கள் பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், வருகிறவர் ஒவ்வொருவர் கையையும் தொட்டுவிட்டு உட்காருவார். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கேளுங்கள். “எப்போ ஆச்சு?”, “கூட யார் இருந்தா?”, “கடைசியா என்ன பேசினாங்க?” இவை பழைய, எளிய கேள்விகள். ஒரே பதிலை அந்த வீட்டுப் பெண் இருபது பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கவனித்திருக்கிறேன். சொல்லச் சொல்ல அந்த நிகழ்வு அவருக்கு நம்பக்கூடியதாக ஆகிறது. துட்டி ‘கேட்பது’ என்று எங்கள் ஊரிலும், துக்கம் ‘விசாரிப்பது’ என்று எல்லா ஊரிலும் வினை அமைந்திருப்பது பொருத்தமானதே. வந்தவர் சொல்ல வேண்டியது மிகக் குறைவு.

சொல்லக் கூடாதவையும் உண்டு. கல்யாணச் சாவு என்பது நிறைவாக வாழ்ந்து பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்கப் போகிறவரைக் குறிக்கும் அழகான சொல்தான், ஆனால் அதைச் சொல்லும் உரிமை வீட்டாருக்கு மட்டுமே. தொண்ணூறு வயதுத் தாயை இழந்த எழுபது வயது மகனுக்கும் அவர் அம்மாதான். “வயசாயிட்டுல்லா, என்ன செய்ய” என்று வெளியார் சொன்னால் அவர் தலையாட்டுவார், உள்ளே சுருங்கிப்போவார். இளவயது இறப்பில் “கடவுளுக்குப் பிடிச்சவங்களை சீக்கிரம் கூப்பிட்டுக்கிறார்” என்பதும் அப்படித்தான். காரணத்தைத் துருவுவது எல்லாவற்றிலும் மோசம். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவரின் வீட்டு அறிவிப்பில் ‘அகால மரணமடைந்தார்’ என்றோ வெறுமனே ‘மறைந்தார்’ என்றோ போட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். எப்படி, ஏன் என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் இடமில்லை.

ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்கள் குறைந்துவருகிறார்கள். அவர்கள் அழுவதை உற்றுக் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: அதில் பொதுவான புகழ்ச்சி குறைவு, குறிப்பான பொருள்கள் அதிகம். நீ இறைத்த கிணறு, நீ கட்டிய தொழுவம், உன் வெற்றிலைப் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு அழுவார்கள். சங்கப் பாட்டில் கையறுநிலை என்ற துறையும் இப்படித்தான் நிற்கிறது. பாரியை இழந்த மகளிர் தம் தந்தையின் வள்ளன்மையைப் பட்டியலிடவில்லை, சென்ற மாதத்து நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் எங்களிடம் இருந்தது, இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை என்கிறார்கள். இரங்கல் செய்தி எழுதுகிறவர்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற இரண்டு சொற்களை நான் குறை சொல்ல மாட்டேன். எதுவும் எழுத வராத நிலையில் கைகொடுப்பதற்காகத்தான் அந்த நிலைத்தொடர் இருக்கிறது, நூறு பேர் அதையே எழுதினாலும் நூறு பேர் நினைத்தார்கள் என்பது வீட்டாருக்குத் தெரிகிறது. ஆனால் உங்களுக்கு அவரைத் தெரியும் என்றால் அதோடு ஒரு வரி சேருங்கள். ‘மழையில் நனைந்து வந்த என்னைக் கடைக்குள் அழைத்துத் துண்டு கொடுத்தவர் உங்கள் அப்பா’ என்பது போல, நடந்த ஒன்றாக இருக்கட்டும். யாருக்கோ வந்த செய்தியை அப்படியே முன்னனுப்பி, முஸ்லிம் நண்பரின் வீட்டுக்கு ‘ஓம் சாந்தி’ என்று போய்ச் சேர்வதையும், மூன்று எழுத்தில் ‘ஆர்ஐபி’ என்று முடித்துக்கொள்வதையும் தவிர்த்தாலே பாதி மரியாதை காப்பாற்றப்பட்டுவிடும்.

இலங்கைத் தமிழர்களின் மரண அறிவித்தல்களை நான் மிகுந்த மதிப்போடு படிப்பதுண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கி, ‘அன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் அன்பு மாமியாரும் ஆவார்’ என்று உறவுகள் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுகிறார்கள். பிறப்பிடமும் வதிவிடமும் வெவ்வேறு நாடுகளாகப் போய்விட்ட மக்களுக்கு, யார் யாருக்கு என்ன முறை என்பதை ஓரிடத்தில் பதிந்துவைக்கும் வேலையையும் அந்த வாக்கியம் செய்கிறது. மலர்வு, உதிர்வு என்று நாள்களைக் குறிப்பதும், முப்பத்தோராம் நாளை ஒட்டி வந்தவர்களுக்கெல்லாம் நன்றி நவிலல் வெளியிடுவதும் அவர்களிடம் உள்ள வழக்கங்கள். எங்கள் சுவரொட்டிகளில் ‘இமயம் சரிந்தது’ என்று எழுதச் செலவிடும் இடத்தை இப்படி உறவுகளுக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

சடங்கெல்லாம் முடிந்த பிறகும் சொற்களின் வேலை தொடர்கிறது. முதலாம் ஆண்டில் தலைத்திவசமா, ஆங்கிலத் தேதிப்படி நினைவு நாளா என்ற பேச்சு வரும்போது பல வீடுகளில் திதி யாருக்கும் தெரிந்திருப்பதில்லை. திதி பார்க்கும் வழக்கம் உள்ள குடும்பமாக இருந்தால், இறப்பு நிகழ்ந்த அன்றைக்கே தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி, உயிர் பிரிந்த மணி ஆகிய நான்கையும் எழுதி இறப்புச் சான்றிதழோடு வைத்துவிட வேண்டும். ஒரே நாளில் ஒரு திதி முடிந்து அடுத்தது தொடங்கும் என்பதால் மணி இல்லாமல் தேதி மட்டும் போதாது.

பிறகு அந்த வீட்டில் ஒரு திருமணம் வரும். அப்போது இறந்தவர் பெயருக்கு முன்னால் அமரர், தெய்வத்திரு, காலஞ்சென்ற, முஸ்லிம் வீட்டில் மர்ஹூம் என்று ஏதேனும் ஒன்று வர வேண்டும். ‘லேட்’ என்று போட்டுவிடுவதைவிட இவை எல்லாமே மேல். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘காலஞ்சென்ற இன்னார் – இன்னார் தம்பதியரின் மகன்’ என்று எழுதினால் அந்த அடைமொழி இருவரையும் தழுவி, உயிரோடிருக்கும் தாயையும் இறந்தவராக்கிவிடும். தந்தை பெயரை முதலில் வைக்கும் பழக்கத்தை அந்த ஓர் இடத்தில் மாற்றி, ‘திருமதி இன்னார், காலஞ்சென்ற திரு. இன்னார் ஆகியோரின் மகன்’ என்று தாயின் பெயரை முன்னால் வைத்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. கணவரை இழந்தவர் பெயர் மங்கலப் பத்திரிகையில் முதலில் வரலாமா என்று கேட்பவர்களிடம், பெற்றவள் பெயர் வராமல் வேறு யார் பெயர் வரும் என்று கேட்டுவிட்டு, நான் அப்படித்தான் வடிவமைத்துக் கொடுக்கிறேன்.